ஆங்கிலத்தில் அயற்கூற்றும் தமிழ் மாணாக்கர் இடர்ப்பாடும்

ஒரு சங்கத்தின் கூட்டறிக்கையில், "த செக்ரட்டரி டோல்ட் த டிரெஷரர் தட் ஹீ ஹாட் றிசீவ்ட் த மணி" என்றொரு வாக்கியம் எழுதப்பட்டிருக்கின்றதெனக் கொள்வோம். ஆங்கில இலக்கண நூல் எதனைப் புரட்டினும் இவ்வாக்கியத்தில் வழுவொன்றும் காணக் கிடையாது. அறிவிப்பு வினை இறந்த காலத்தில் நிற்கின்றது. உள்வாக்கியத்தின் வினை அதற்கியையப் பின்னோக்கிச் சென்றிருக்கின்றது. "தட்" என்னும் இணைப்புச் சொல்லும் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கின்றது. ஆயினும் ஆண்டிறுதியிற் கணக்குப் பரிசோதகர் வந்து, பணம் எவர் கையில் எனக் கேட்பாராயின், அவ்வாக்கியம் விடை கூறாது. "ஹீ" என்பது செயலாளரையும் குறிக்கலாம், பொருளாளரையும் குறிக்கலாம். செயலாளர் "நான் பணத்தைப் பெற்றுக்கொண்டேன்" என்றாரா, "நீங்கள் பணத்தைப் பெற்றுக்கொண்டீர்கள்" என்றாரா என்பது கூட்டத்திற்கு வந்திருந்தோர் நினைவிலன்றி எழுத்தில் இல்லை.

ஒருவர் கூறியதை மற்றொருவர் எடுத்துரைப்பது நாடோறும் நிகழும் செயல். அதனை ஆங்கில வகுப்பிற் பயிலும் மாணாக்கரோ, பரீட்சையில் ஐந்து வாக்கியங்களை மாற்றி எழுதிப் புள்ளி பெறுதற்குரிய ஒரு பயிற்சியென்றே கருதுகின்றனர். நெஸ்பீல்ட் முதலியோர் வகுத்த இலக்கண நூல்களும், அவற்றின்பின் ரென், மாட்டின் என்னும் இருவர் இயற்றித் தென்னாசியப் பாடசாலைகளெங்கும் பரந்த நூலும் தந்த விதிகள் தலைமுறை தலைமுறையாக மனனஞ் செய்யப்பட்டு வந்துள்ளன. விதிகள் பிழையானவை அல்ல. அவற்றின் காரணம் விளங்காமையினாலேயே மாணாக்கர் தடுமாறுகின்றனர். தமிழ் மாணாக்கர் தடுமாறுவதற்கோ அவர்தம் தாய்மொழியின் இயல்பிலேயே தனியான காரணமும் ஒன்றுண்டு.

நேர்கூற்று, அயற்கூற்று என்னும் பாகுபாடு ஆங்கிலேயர் தாமாகக் கண்டதன்று. இலத்தீன் இலக்கணகாரர் முன்னதை "நேரிய உரை" என்றும் பின்னதைச் "சாய்ந்த உரை" என்றும் பொருள்படும் பெயர்களால் வழங்கினர். யூலியஸ் சீசர் தாம் கோல் நாட்டில் நடத்திய போர்களைப் பற்றி எழுதிய நூலில், செர்மானியத் தலைவன் அரியோவிஸ்தசு முதலாயினோரின் நீண்ட உரைகளையெல்லாம் பெரும்பாலும் சாய்ந்த உரையிலேயே தந்துள்ளார். அவர்கள் பேசுவதைப் படிப்போர் நேரிற் கேட்பதில்லை; சீசர் வாயிலாகவே கேட்கின்றனர். இந்த வேறுபாடே அயற்கூற்றின் உயிர்நிலையாகும். நேர்கூற்றில் எடுத்துரைப்பவர் சற்று விலகி நின்று, முதலிற் பேசியவருக்கு இடம் விடுகின்றார். அயற்கூற்றில் அவர் தம் இடத்தைவிட்டு அசைவதில்லை. பிறர் சொல்லைத் தாம் நிற்கும் இடத்திற்கு வருவித்து, தம் வாயாற் கூறுகின்றார். ஆதலின் அச்சொல்லிலுள்ள "நான்", "நீ", "இன்று", "இங்கே" என்பன யாவும் எடுத்துரைப்பவர் நிற்கும் இடத்திலிருந்து அளந்து திருத்தப்படுகின்றன. பெயர்ச்சொல்லும் வினையடியும் மாறுவதில்லை. யார், எப்பொழுது, எங்கே என்பவற்றைச் சுட்டும் சொற்களே மாறுகின்றன. இவ்வொன்றை உணர்ந்த மாணாக்கனுக்கு விதிகளிற் பாதி வேண்டுவதில்லை.

தமிழின் இயல்பு வேறு. தமிழில் ஒருவர் கூற்றை எடுத்துரைக்க "என்று" என்னும் சொல் உண்டு. "சொல்லுதல்" என்னும் பொருளையுடைய "என்" என்பதன் அடியாகப் பிறந்த எச்சமே அது. "கூறி" என்பதே அதன் பழம் பொருள். "என" என்னும் இடைச்சொல் வினை, பெயர், குறிப்பு, இசை, எண், பண்பு ஆகிய ஆறிடத்தும் வருமென்பது தொல்காப்பியத்திலேயே கூறப்பட்டுள்ளது. "என்று" என்பதும் அவ்வாறே வருமென அந்நூலும் நன்னூலும் கூறுகின்றன. மலையாளத்தில் "என்னு", கன்னடத்தில் "எந்து", தெலுங்கில் "அனி" என வருவனவும் சொல்லுதற் பொருளனவே. சிங்களத்தில் "கியலா" என்பதன் நேர்ப்பொருளும் "சொல்லி" என்பதாம். வடமொழியில் "இதி" என்பது வேறு மூலத்ததாயினும், கூற்றின் இறுதியில் நின்று அதனை முடித்துக்காட்டும் தொழிலால் "என்று" என்பதனை ஒக்கும். இவ்வாறு இந்நிலப்பரப்பின் மொழிகள் பலவும் பிறர் கூற்றைப் பேசியவாறே வைத்து, ஈற்றில் ஒரு முத்திரை இடுகின்றன. ஆங்கிலமோ முன்னே "தட்" என ஒரு வாயிலை நாட்டி, அதற்கப்பால் வருவனவற்றையெல்லாம் மாற்றி அமைக்கின்றது.

மேற்கோட்குறி இல்லாத காலத்தும் தமிழ் இடர்ப்படாது நின்றமைக்கு "என்று" என்பதே காரணம். ஏட்டுச் சுவடிகளிற் குறியீடுகள் இல்லை. ஆறுமுக நாவலர் முதலியோர் அச்சிட்ட உரைநடை நூல்களிலேயே அவை தமிழில் வேரூன்றின. ஆங்கிலத்திலும் மேற்கோட்குறியின் வழக்கம் 18 ஆம் நூற்றாண்டிலேதான் நிலைபெற்றது. 1611 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் அக்குறிகளைக் காணமுடியாது.

இனி, மாணாக்கர் வழு எங்ஙனம் பிறக்கின்றதெனக் காண்க. "கந்தன் நான் வருவேன் என்று சொன்னான்" என்பது செம்மையான தமிழ். "நான்" என்பது கந்தனையே குறிக்கும் என்பதிற் சிறுவனுக்கும் ஐயமில்லை. இதனைச் சொல்லுக்குச் சொல்லாகப் பெயர்க்கும் மாணாக்கன் "கந்தன் செட் தட் ஐ வில் கம்" என்று எழுதுகின்றான். ஆங்கிலத்தில் "தட்" என்னும் வாயிலைக் கடந்தபின் வரும் "ஐ" எழுதுபவனையே குறிக்கும். வருவதாகச் சொன்னவன் கந்தன். வருவதற்குக் கடமைப்பட்டவனோ அவ்வாக்கியத்தை எழுதிய மாணாக்கன்! ஆசிரியர் சிவப்பு மையினாற் கோடிட்டு அரைப் புள்ளி குறைப்பார். வகுப்பறையில் இவ்வழுவால் விளையும் கேடு அவ்வளவே.

வகுப்பறைக்கு வெளியே அது அவ்வளவில் நில்லாது. நீதிமன்றத்திற் சாட்சி ஒருவன், "வேலன் நான்தான் வெட்டினேன் என்று சொன்னான்" எனத் தமிழிற் கூறுகின்றானெனவும், அது ஆங்கிலத்திற் பதியப்படுகின்றதெனவும் கொள்வோம். "வேலன் தன் வாயால் ஒப்புக்கொண்டான்" என்பதே சாட்சியின் கருத்து. மொழிபெயர்ப்பவர் அயற்கூற்றின் இயல்பறியாது "வேலன் செட் தட் ஐ கட் ஹிம்" எனப் பெயர்ப்பாராயின், வெட்டியவன் சாட்சியே என்றாகும். வேலன் குற்றஞ் சாட்டுபவனாவான். ஒரு பெயர்ச்சுட்டு மாறியதனாற் குற்றம் ஒருவர் தலையிலிருந்து மற்றொருவர் தலைக்கு இறங்கிவிடும். இது பற்றியே, நல்ல மொழிபெயர்ப்பாளர் சாட்சி "நான் கண்டேன்" என்றால் தாமும் "நான் கண்டேன்" எனத் தன்மையிலேயே பெயர்த்து, "அவர் தாம் கண்டதாகச் சொல்லுகிறார்" எனக் கூறாது விடுவர். அயற்கூற்றின்மேல் அயற்கூற்று அடுக்குமாயின் "அவர்" என்பது யாவரென்று கண்டுபிடித்தல் அரிதாகிவிடும். சட்டம் பிறர் கூற்றைத் தயக்கத்துடனேயே ஏற்பதும் இங்கு நினைக்கத்தக்கது. இலங்கையின் சான்றுக் கட்டளைச்சட்டம், 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கத்தது, வாய்மொழிச் சான்று நேரிற் கண்டவரும் கேட்டவருமே கூறுவதாயிருத்தல் வேண்டுமென 60 ஆம் பிரிவில் விதிக்கின்றது.

படர்க்கைச் சுட்டில் ஆங்கிலத்திற்கில்லாத வளமொன்று தமிழுக்குண்டு. அது "தான்", "தாம்" என்னும் பெயர். "இராமன் கண்ணனிடம் தான் சித்தியடைந்ததாகச் சொன்னான்" என்றால் சித்தியடைந்தவன் இராமன். "அவன் சித்தியடைந்ததாகச் சொன்னான்" என்றாற் கண்ணனோ வேறொருவனோ ஆவான். ஆங்கிலம் இவ்விருவரையும் "ஹீ" என்னும் ஒரே சொல்லுக்குள் அடைக்கின்றது. இதனை மாணாக்கருக்கு எடுத்துக்காட்டல் நன்று. ஆங்கிலமே நிறைவான மொழியென்றும் தமிழின் குறையே தம் வழுக்களுக்குக் காரணமென்றும் அவர் எண்ணுதல் பொருந்தாது. பேச்சுவழக்கிலோ இன்னுமொரு விந்தை உண்டு. "தான் வருவேன் என்று சொன்னான்" என்பது எவ்வூரிலும் கேட்கப்படும் வாக்கியம். "தான்" படர்க்கை, "வருவேன்" தன்மை. எழுவாயும் பயனிலையும் இடத்தால் முரணுகின்றனவே எனப் பழைய இலக்கணங் கற்றோர் இதனை இடவழு என்பர். ஆயினும் இவ்வழுவைச் செய்யும் வாய்கள் ஒருவிதமாகவே செய்கின்றன. பெயரில் எடுத்துரைப்பவர் நோக்கும், வினையிற் பேசியவர் நோக்கும் ஒருங்கு நிற்கின்றன. இக்கால மொழிநூலார் இதனைக் கருத்தூன்றி ஆராய்கின்றனர். மாணாக்கன் "ஹீ செட் தட் ஹீ வில் கம்" எனப் பெயரை மாற்றி வினையை மாற்றாது விடுவதற்கு இவ்வழக்கும் துணையாகின்றது போலும்.

வினையின் காலமே மிகப் பெரிய இடர். தமிழில் உள்வாக்கியத்தின் காலம் பேசிய கணத்தை நோக்கியே நிற்கும். "வந்ததாகச் சொன்னான்", "வருவதாகச் சொன்னான்" என இறப்பும் எதிர்வும் தத்தம் உருவிலேயே நிற்கக் காண்கிறோம். ருஷ்ய மொழியிலும் இதுவே முறை. ஆங்கிலத்திலோ "செட்" என்னும் இறந்தகால வினை தன் கீழ் வருவனவற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு பின்செல்லும். "ஆம்" என்பது "வோஸ்" ஆகும்; "வில்" என்பது "வுட்" ஆகும்; "ஹாவ் சீன்" என்பது "ஹாட் சீன்" ஆகும். தென்மார்க்கு நாட்டு அறிஞர் ஒட்டோ ஜெஸ்பர்சன், 1924 ஆம் ஆண்டில் வெளியிட்ட இலக்கணத் தத்துவ நூலிலே, இதனைப் "பின்னுக்குப் பெயர்தல்" என்னும் கருத்துடைய சொல்லாற் குறித்தார். "காலங்களின் ஒழுங்கு" என்னும் பழைய இலத்தீன் வழிப் பெயரினும் இது தெளிவானது. வினை ஒருபடி பின்னே செல்கின்றது. பின்னே செல்ல இடமில்லாவிடின் நிற்கின்றது. "ஹாட்" என்பதற்கப்பால் ஆங்கிலத்தில் வேறொரு படியில்லை. ஆதலின் அது மாறுவதில்லை. எளிய இறந்தகாலமும் எப்பொழுதும் பெயர வேண்டுமென்பதில்லை. "நான் 1910 இற் பிறந்தேன்" என்றவர் கூற்றை "ஹீ செட் தட் ஹீ வோஸ் போர்ன்" என எழுதுவதே இயல்பு. ஆண்டே காலத்தைக் காட்டி நிற்கையில் "ஹாட் பீன் போர்ன்" என்பது சுமை.

என்றும் உள்ள உண்மைகளைக் கூறுமிடத்து வினை பெயராது நிகழ்காலத்திலேயே நிற்கும் என்பது எல்லா மாணாக்கரும் அறிந்த விதிவிலக்கு. "பூமி சூரியனைச் சுற்றுகின்றது" என்பதே அதற்கு வழக்கமாகக் காட்டும் உதாரணம். ஆனால் எது என்றும் உள்ள உண்மையென்பதை யார் தீர்மானிப்பது? 1633 ஆம் ஆண்டில் உரோமாபுரியிற் கலிலியோவை விசாரித்தவர்களுள் ஒருவர் அவர் கொள்கையை இக்கால ஆங்கிலத்தில் எழுதப் புகுந்தாற் "பூமி மூவ்ட்" என்றே எழுதியிருப்பார்; "மூவ்ஸ்" என எழுதுவாராயின் தாமும் அதனை ஏற்றவராவார். அஃதாவது, நிகழ்காலத்தை மாற்றாது விடும் எழுத்தாளர், பேசியவர் கூற்றுக்குத் தாமும் பிணை நிற்கின்றார். மாற்றி எழுதுபவரோ, "அவர் சொன்னார், பொறுப்பும் அவரதே" என விலகி நிற்கின்றார். மாற்றிய வாக்கியம் உண்மையை மறுப்பதன்று, உறுதிசெய்வதுமன்று. "ஹீ செட் ஹீ வோஸ் இல்" என்பவர் நண்பன் இன்னும் நோயுற்றிருக்கின்றானா என்பது பற்றி ஒன்றுங் கூறவில்லை. "ஹீ செட் ஹீ இஸ் இல்" என்பவர் நண்பன் இன்னமும் படுக்கையில் என்கிறார். விதிவிலக்கென மனனஞ் செய்யப்படும் இவ்விடமே உண்மையில் அயற்கூற்றின் நுட்பம் முழுவதும் அடங்கிய இடமாகும். பல வகுப்பறைகளில் இது ஒரு வரியிற் கழிகின்றது.

இடத்தையும் நாளையும் குறிக்குஞ் சொற்களுக்கு இலக்கண நூல்களில் ஓர் அட்டவணை உண்டு. "நௌ" எனின் "தென்", "ஹியர்" எனின் "தெயர்", "டுமாறோ" எனின் "த நெக்ஸ்ட் டே" என்றவாறு செல்லும் அது. மாணாக்கர் இதனைக் கண்ணை மூடிக்கொண்டு கையாளுகின்றனர். காலையிற் கல்லூரி மண்டபத்தில் அதிபர் "நாளை இங்கே கூட்டம் நடைபெறும்" என்று கூறியதை, அன்று பிற்பகல் அதே மண்டபத்தில் நின்று ஒருவன் எடுத்துரைக்குமிடத்து, "இங்கே" என்பது அவனுக்கும் இங்கே. "நாளை" என்பது அவனுக்கும் நாளை. "அங்கே", "அடுத்த நாள்" என அவன் மாற்றுவானாயிற் கேட்டவர் வேறு மண்டபத்தைத் தேடிச் செல்வர். அட்டவணை கூறுவது, இடமும் நாளும் வேறுபட்டவிடத்து நிகழும் மாற்றத்தையே. அவை வேறுபட்டனவா என்பதைக் கண்டறிதல் மாணாக்கன் கடன்.

வினாக்களை மாற்றுமிடத்து வழுக்கள் மேலும் பெருகும். தமிழில் "எங்கே போகிறாய் என்று கேட்டான்" என "என்று" வருவதால், மாணாக்கன் "ஹீ ஆஸ்க்ட் தட் வெயர் ஆர் யூ கோயிங்" என்கிறான். வினாச்சொல் தானே வாயிலாக நிற்குமிடத்து "தட்" வேண்டப்படாது. வினாவுக்குரிய தலைமாற்றமும் நீங்கி, எழுவாய் முன்னும் வினை பின்னுமாக நிற்கும். வினாச்சொல் இல்லாதவிடத்து "இஃப்" அல்லது "வெதர்" வாயிலாகும். ஏவல் வாக்கியம் "டு" சேர்ந்த வினையெச்சமாகும். இவற்றில் விரிப்பதற்கு மிகுதி இல்லை. "செட்" என்பதற்கும் "டோல்ட்" என்பதற்குமுள்ள வேறுபாட்டை மட்டும் குறித்தல் வேண்டும்: கேட்டவர் பெயரைத் தாங்காது "டோல்ட் தட்" என நிற்பது ஆங்கில வழக்கன்று. தமிழில் "சொன்னான்" என்னும் ஒரே வினை இரண்டுக்கும் போதுமாதலின் இவ்வழு எளிதில் அகல்வதில்லை.

உணர்ச்சி வாக்கியங்களைப் பற்றி ஒரு சொல். "ஐயோ, என் கிளி இறந்துவிட்டதே!" என்னும் கூற்றை, "அவள் தன் கிளி இறந்துவிட்டதெனத் துயரத்துடன் கூவினாள்" என மாற்றுமாறு மாணாக்கர் பயிற்றப்படுகின்றனர். ஆங்கிலத்திலும் "எக்ஸ்கிளெய்ம்ட் வித் சொறோ" என்னும் தொடர் பரீட்சை மண்டபத்திற்கு வெளியே வழங்கக் கேட்டவர் எவருமிலர். அழுகையை அயற்கூற்றாக்குதல் இயலாத காரியம். நாவலாசிரியர் இதனை அறிந்து வேறு வழி கண்டனர். ஜேன் ஒஸ்ரின் அம்மையார் தம் நாவல்களில், "அவள் நினைத்தாள்" என்பதையும் "தட்" என்பதையும் நீக்கி, பெயரையும் காலத்தையும் மட்டும் மாற்றி, வினாவையும் வியப்பையும் பேசியவாறே வைத்துப் பாத்திரத்தின் மனத்தைக் காட்டினார். அயற்கூற்றும் நேர்கூற்றும் கலந்த இந்நடைக்கும் ஜெஸ்பர்சன் ஒரு பெயரிட்டுள்ளார்.

எடுத்துரைப்பவர் பொறுப்பிலிருந்து விலகி நிற்றற்கு ஆங்கிலம் காலத்தைப் பெயர்க்கின்றதெனின், தமிழ் வேறு கருவிகளைக் கையாளுகின்றது. "மழை பெய்ததாம்" என்பதிலுள்ள "ஆம்" என்னும் ஈறு, கூறுபவர் மழையைக் காணவில்லை, கேட்டதைச் சொல்லுகிறார் என்பதை ஓரெழுத்துக் குறுக்கத்திற் காட்டுகின்றது. "ஆக" என்பதும் அத்தகையதே. "அமைச்சர் சந்தித்தார்" என்பதற்கும் "அமைச்சர் சந்தித்ததாகத் தெரிவிக்கப்படுகிறது" என்பதற்குமுள்ள இடைவெளியைப் பத்திரிகையாசிரியர் நன்கறிவர். ஆங்கிலத்தில் இதனைச் சொல்லத் தனிச் சொல்லோ தனி வாக்கியமோ வேண்டும்.

இந்த "ஆக" ஈறே ஆசிரியருக்குப் பாலமாக உதவத்தக்கது. "நான் வருவேன் என்று சொன்னான்" என்பதை உடனே ஆங்கிலத்திற் பெயர்க்கச் செய்யாது, முதலில் "தான் வருவதாகச் சொன்னான்" எனத் தமிழிலேயே மாற்றச் செய்தல் வேண்டும். அதில் "நான்" என்பது "தான்" ஆவதை மாணாக்கன் தன் காதினாலேயே உணர்வான். பெயர் மாற்றம் ஆங்கிலத்தின் விந்தையன்று, தன் தாய் பேசும் வாக்கியத்திலும் உள்ளதே என்று அறிவான். பின்னர் ஆங்கிலத்திற்குச் செல்லும்பொழுது அவன் புதிதாகக் கற்கவேண்டியது காலப் பெயர்ச்சி ஒன்றே. இரண்டு மாற்றங்களையும் ஒருங்கே சுமத்துவதினும் ஒவ்வொன்றாகத் தருவது நன்று.

அயற்கூற்று பெரிய அவைகளிலும் ஆட்சி செலுத்தியதுண்டு. பிரித்தானியப் பாராளுமன்ற உரைகளின் அறிக்கைகள் 19 ஆம் நூற்றாண்டிற் பெரும்பாலும் "அவர் கூறினார்" என்னும் படர்க்கை நடையிலேயே எழுதப்பட்டன. 1909 ஆம் ஆண்டு முதல் உறுப்பினர் பேசியவாறு தன்மையில் அமைந்த அதிகாரபூர்வ அறிக்கை வெளிவரலாயிற்று. சங்கங்களின் கூட்டறிக்கைகளோ இன்றும் பழைய நடையையே கைக்கொள்கின்றன. சுருக்கம் கருதுமிடத்து அதுவே தகும்.

முதலிற் கண்ட கூட்டறிக்கையைத் திருத்த வேண்டுமாயின், "ஹீ" இருந்தவிடத்திற் பெயரையே மீண்டும் எழுதுதல் ஒரு வழி. நயமில்லையெனச் சிலர் தயங்குவர். பணம் பற்றிய வாக்கியத்திற்கு நயம் வேண்டுவதில்லை. இன்னுமொரு வழி, கூற்றையே விடுத்து, செயலாளர் பணத்தைப் பெற்றமையைப் பொருளாளரிடம் ஒப்புக்கொண்டார் எனச் செயலாக எழுதுதல். தொகையையும் தேதியையும் இலக்கத்திற் குறித்து, அடுத்த கூட்டத்தில் அவ்வறிக்கை வாசிக்கப்படும்பொழுது இருவரிடமும் ஒப்பம் பெற்றுக்கொள்வதும் நன்று.